அடித்தள அறையில் ஆயுத பூஜை

என் தங்கை நல்லம்மாளின் மகள் அமுதவள்ளி ஒரு டாக்டர். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, மீன் டாக்டர். அப்படியென்றால் நோய் வந்த மீனைக் குணப்படுத்துவாளா என்று கேட்காதீர்கள். நோய் வந்த மீனை அவள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். நல்ல ஆரோக்கியமாக, தன் பாட்டுக்கு நீந்திக்கொண்டிருக்கிற மீனைப் பிடித்து, உனக்குள் உப்பு எந்த வழியாகப் போகிறது, எந்த வழியாக வருகிறது என்று விசாரிப்பதுதான் அவள் உத்தியோகம். இதைக் கிள்ளான் முழுக்க இருக்கிற சொந்தக்காரர்களுக்கு விளக்கி விளக்கி நல்லம்மாள் களைத்துப்போனாள். இப்போதெல்லாம் கல்யாண வீட்டில் யாராவது கேட்டால், "யூனிவர்சிட்டியில வேலை" என்று சொல்லிவிட்டுப் பாயசம் எடுக்கப் போய்விடுகிறாள்.

அப்படியும் விட மாட்டார்கள். போன வருஷம் ஒரு நிச்சயதார்த்தத்தில், சுபாங் ஜெயாவிலிருந்து வந்த ஓர் அம்மாள் அமுதவள்ளியை ஓரமாக இழுத்துக்கொண்டு போய், கொலஸ்ட்ராலுக்குக் கெம்புங் மீன் நல்லதா, தெங்கிரி நல்லதா என்று ரகசியமாகக் கேட்டார். தனக்குச் சியாக்காப் ஒன்றைத்தான் தெரியும் என்றாள் இவள். அதை ஸ்டீம் பண்ணுவதா பொரிப்பதா என்பது அடுத்த கேள்வி. என் மருமகள் நியாயமாக யோசித்துப் பார்த்து, "செவுளை மட்டும் எனக்குக் கொடுத்துடுங்க ஆன்டி, மிச்சத்தை உங்க இஷ்டப்படி பண்ணிக்குங்க" என்றாள். அந்த அம்மாள் இன்றுவரை இவளைக் கஞ்சம் என்று சொல்லித் திரிகிறாராம்.

இந்தச் சியாக்காப் விசேஷமான மீன். கழிமுகத்து உப்புத் தண்ணீரில் பிறந்து, ஆற்றுக்குள் போய் வளர்ந்து, திரும்பக் கடலுக்கு வரும். மற்ற மீனை இப்படி மாற்றி மாற்றிப் போட்டால் மல்லாந்துவிடும். இது மட்டும் வேலை மாற்றலாகிப் போன அரசாங்க ஊழியர் மாதிரி, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாவது சமாளித்துவிடும். எப்படிச் சமாளிக்கிறது? அதன் செவுளில் கண்ணுக்குத் தெரியாத வாசல்கள், சேனல் என்பார்கள், கோடிக்கணக்கில் இருக்கின்றன. கே.எல். சென்ட்ரல் ரயில் நிலையத்தில் டிக்கெட் கேட் இருக்கிறதே, அதே மாதிரி. சோடியத்துக்கு ஒரு கேட், பொட்டாசியத்துக்கு ஒரு கேட். இதன் அட்டையைக் கொண்டுபோய் அதில் தட்டினால் திறக்காது. ஆற்றில் இருக்கும்போது சில கேட் திறந்திருக்கும். கடலுக்கு வந்தால் அவை மூடி வேறு சில திறக்கும். இதில் எந்த கேட் முதலில் திறக்கிறது, அதற்கு யார் தகவல் சொல்கிறார்கள் என்பதுதான் அமுதவள்ளி படித்த காலத்திலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிற ஒரே கேள்வி. இதைக் கேட்க நார்வே வரை போனாள். அங்கே கோடைக்காலத்தில் சூரியன் மறக்காமல் உதிக்கும், மறைய மட்டும் மறந்துவிடும். நல்லம்மாள் போனில் "சாப்பிட்டியா" என்று கேட்டால், எந்த வேளைச் சாப்பாட்டைக் கேட்கிறாள் என்று அமுதவள்ளிக்கே தெரியாது. திரும்பி வரும்போது பட்டம் ஒன்றும், கருவிகள் அடைத்த மரப்பெட்டிகள் பலவும் கொண்டு வந்தாள். கேள்வியையும் அப்படியே திருப்பிக் கொண்டு வந்துவிட்டாள்.

எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்றால், நான் அவளுடைய மீன்களுக்கு டிரைவர். பெயர் பக்கிரிசாமி, குடியிருப்பு பிரிக்பீல்ட்ஸ். லோரி ஓட்டி ஓய்வு பெற்ற பிறகு கையில் ஒரு வேன் மிஞ்சியது. கிள்ளான் துறைமுகத்துப் படகுத்துறையில் உயிர் மீனை ஏற்றி, பீப்பாயில் காற்று பம்ப் வைத்து, அவளுடைய பல்கலைக்கழகத்தில் இறக்குவேன். ஒருநாள் பெடரல் நெடுஞ்சாலையில் அசையாத நெரிசல். பம்ப் நின்றுபோனது. மீன்கள் உள்ளேயிருந்து மூடியைத் தட்டுகின்றன. நான் குடித்துக்கொண்டிருந்த தே ஐஸின் ஸ்ட்ராவை எடுத்துப் பீப்பாய்க்குள் விட்டு, ஒரு கையில் ஸ்டீயரிங், வாயில் ஸ்ட்ரா, ஊதிக்கொண்டே போய்ச் சேர்ந்தேன். ஒரு மீனும் சாகவில்லை. அவற்றில் ஒன்று அதற்கப்புறம் என்னைப் பார்க்கும்போதெல்லாம் வாலை ஆட்டும். எல்லா மீனும்தான் வாலை ஆட்டும் மாமா என்கிறாள் அமுதவள்ளி. நன்றியை அளக்க இன்னும் கருவி வரவில்லை, அதற்கு அவள் என்ன செய்வாள், பாவம்.

மற்றதை அளக்கக் கருவி இருந்தது. அது இருந்த இடம்தான் இந்தக் கதை.

கட்டடத்தின் அடித்தளத்தில், ஜன்னல் இல்லாத ஓர் அறை. நடுவில் காற்றில் மிதக்கிற ஒரு மேசை. நிஜமாகவே மிதக்கும், கால்களுக்குள் காற்றை அடைத்து வைத்திருக்கிறார்கள், யாராவது நடந்தால்கூட அதிராதிருக்க. மேசையைச் சுற்றி, கோழிக்கூண்டு மாதிரி ஒரு கம்பிக் கூண்டு. வெளியில் இருக்கிற மின்சாரத்தின் இரைச்சல் உள்ளே வராமல் தடுப்பதற்கு அது. செவுளிலிருந்து கடுகளவு துணுக்கை எடுத்துக் கிண்ணத்தில் வைத்து, தலைமுடியைவிட மெல்லிய கண்ணாடி ஊசியால் அதன் ஒரு செல்லைத் தொட்டுக்கொண்டு அவள் உட்கார்ந்திருப்பாள். கம்ப்யூட்டர் திரையில் ஒரு கோடு ஓடிக்கொண்டிருக்கும். கேட் திறந்தால் கோடு ஒரு படி ஏறும். மூடினால் இறங்கும். அவ்வளவுதான். அந்தப் படியைப் பார்க்க நாள் முழுக்கக் காத்திருப்பாள். சில நாள் வரும், பல நாள் வராது. யாரும் செருப்புப் போட்டு நடக்கக்கூடாது, போன் வைத்திருக்கக்கூடாது. ஒருமுறை நாசி லெமாக் சாப்பிட்டுவிட்டு நான் விட்ட ஏப்பம் அந்தக் கோட்டில் ஒரு புடைப்பாகப் பதிவாகி, அவளுடைய கட்டுரை ஒன்றில் அச்சாகியிருக்கிறது. உலகத்தில் எந்தெந்த நாட்டிலோ அதைப் படித்திருப்பார்கள்.

அந்த அறைக்கு ஆபத்து வந்தது.

துறைத்தலைவர் புரொபசர் ராமசுப்பிரமணியன் நல்ல மனிதர். செட்டியார் வீட்டுப் பிள்ளை, விபூதி இல்லாமல் வாசல் தாண்ட மாட்டார், யாரிடமும் கோபித்துப் பேச மாட்டார். அவருக்கு ஒரு கனவு இருந்தது. மாணவர்கள் மன அழுத்தத்தில் வாடுகிறார்கள், அவர்களுக்கு அமைதியான ஓர் இடத்தில் மசாஜ் நாற்காலிகள் போட்டு ஓய்வு மையம் அமைக்க வேண்டும் என்பது அந்தக் கனவு. கட்டடத்திலேயே அமைதியான இடம் எது என்று தேடினால் அடித்தள அறைதான் வருகிறது. அமுதவள்ளியின் மேசையை மூன்றாவது மாடிக்கு, லிப்டுக்குப் பக்கத்து அறைக்கு மாற்றிவிடலாம் என்றார். அங்கே ஜன்னல் உண்டு, மீனுக்கும் கொஞ்சம் வெளிச்சம் கிடைக்கும் என்று ஆறுதலும் சொன்னார்.

லிப்ட் ஒவ்வொரு தடவை ஏறி இறங்கும்போதும் அதன் மோட்டார் போடுகிற மின்சார இரைச்சலில் மீனின் கோடு மூழ்கிப்போகும், அங்கே போனால் என் வேலை முடிந்தது என்று அமுதவள்ளி சொல்லிப் பார்த்தாள். சரி, வெளியிலிருந்து மதிப்பீட்டுக் குழு ஒன்று வருகிறது, அவர்களே பார்த்துச் சொல்லட்டும் என்றார் புரொபசர். குழுவின் தலைவர் டாக்டர் லிம், பினாங்குக்காரர், இளமையில் தவளையின் தசையில் இதே வேலையைச் செய்தவராம். அவர் கண்ணெதிரே ஒரு கேட் திறக்க வேண்டும். அந்த அறை அவசியம் என்று அவர் ஒத்துக்கொள்ள வேண்டும். ஒத்துக்கொண்டால் அறை மீனுக்கு, இல்லையென்றால் நாற்காலிகளுக்கு.

குழு வரும் நாளைக் குறித்தார்கள். அன்றைக்கு ஆயுத பூஜை.

நம் நாட்டில் அதற்குப் பொது விடுமுறை கிடையாது என்பதால் யாரும் கவனிக்கவில்லை, நல்லம்மாளைத் தவிர. அவள் தேதி தெரிந்த அன்று மாலையே மகளைக் கூப்பிட்டு, ஊரில் இருக்கிற ஒவ்வொரு தையல் மெஷினுக்கும் லோரிக்கும் வருஷா வருஷம் படைக்கிறார்கள், நீ நார்வேயிலிருந்து கொண்டு வந்த அத்தனை ஆயுதத்துக்கும் இதுவரை ஒரு பொட்டு வைத்ததுண்டா, பிறகு அறை போகிறது என்றால் ஏன் போகாது என்று கேட்டாள். அமுதவள்ளிக்கு அந்த வாரம் யாருடனும் வாதாடத் தெம்பில்லை. சரிம்மா, அறை வாசலில் மட்டும் கும்பிட்டுக்கொள், உள்ளே எதையும் தொடாதே என்றாள். நல்லம்மாளும் தலையை ஆட்டினாள். அந்தத் தலையாட்டலை எனக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும். அதற்கு அர்த்தம், நீ சொன்னது காதில் விழுந்தது என்பது மட்டுமே.

அன்று காலை குழுவை வரவேற்க அமுதவள்ளி மேலே போயிருந்தாள். நான் புது மீன்களோடு போய் அடித்தளத்தில் இறங்கினால், நடைபாதையிலேயே சாம்பிராணி வாசம். பூஜை முடிந்திருந்தது. நல்லம்மாள் பொரியும் கடலையும் வாழைப்பழமுமாக ஒரு நாற்காலியில் நிறைவாக உட்கார்ந்திருந்தாள். ஆய்வுக்கூட உதவியாளர் சபாபதி, டெங்கிலிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருகிறவர், பணி ஓய்வுக்குப் பக்கத்தில் இருக்கிறவர், பக்தியோடு தேங்காய் மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். தன்னுடைய பழைய மோட்டார் சைக்கிளுக்கே மாலை போடும்போது இவ்வளவு பெரிய மைக்ராஸ்கோப்பைச் சும்மா விடுவதா என்று கதவைத் திறந்துவிட்டவர் அவர்தான்.

மைக்ராஸ்கோப்புக்கு நெற்றி எந்தப் பக்கம் என்று தெரியாததால் இரண்டு பக்கமும் பட்டை அடித்திருந்தார்கள். குளிர்சாதனப் பெட்டிக்குச் சந்தனம். கம்ப்யூட்டரின் மௌஸுக்குக் குங்குமம். மீன் தொட்டிக்கு மாவிலைத் தோரணம். தொட்டிக்குள் என் பழைய சிநேகிதன் கண்ணை மூடித் தியானத்தில் இருந்தான். மீனுக்கு இமை கிடையாது என்று சிலர் சொல்வார்கள். நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

அமுதவள்ளி உள்ளே வந்தாள். பார்த்தாள்.

"அம்மா, வாசல்ல மட்டும்னு சொன்னேன்ல?"

"கராஜ் கதவுக்குப் பொட்டு வச்சிட்டு லோரியை அம்போன்னு விட்டா, லோரி ஓடுமா? உங்க மாமாவைக் கேளு."

லோரி விஷயத்தில் பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. மீன் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இன்னும் அஞ்சு நிமிஷத்துல வந்துருவாங்கம்மா."

"வரட்டும். அவங்களுக்கும் பொரி இருக்கு."

அமுதவள்ளி ஈரத்துணியை எடுத்துக்கொண்டு ஓடி ஓடித் துடைத்தாள். மைக்ராஸ்கோப், மேசை, ஊசி பிடிக்கும் கருவி என்று கண்ணில் பட்ட பொட்டையெல்லாம் அழித்தாள். கூண்டின் முன்பக்கம் தொங்கிய மல்லிகைச் சரத்தைக் கழற்றினாள். சபாபதி அதை வாங்கித் தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அம்மாவை வெளியே அனுப்புவதற்குள் குழு வந்துவிட்டது.

மூன்று பேர். டாக்டர் லிம் ஒல்லியான, அதிகம் பேசாத மனிதர். கதவருகே எங்கள் செருப்புகளைப் பார்த்ததும் யாரும் சொல்லாமலே தன் சப்பாத்தைக் கழற்றினார். அதற்காகவே நல்லம்மாளுக்கு அவரைப் பிடித்துப்போனது. மற்ற இருவரும் வேண்டா வெறுப்பாகக் கழற்றினார்கள். பின்னாலேயே புரொபசர், புதுச் சட்டையில். மூலையில் பொரித் தட்டோடு உட்கார்ந்திருக்கும் பெண்மணி யார் என்று யாரும் கேட்கவில்லை. ஏதோ ஒரு துறையின் மூத்த பேராசிரியை என்று நினைத்திருப்பார்கள்.

அமுதவள்ளி ஊசியை இறக்கினாள். செல்லைத் தொட்டாள். திரையில் கோடு ஓட ஆரம்பித்தது. நேர்க்கோடு. எல்லாரும் பார்த்தோம். கோடு நேராகவே போனது. நெடுஞ்சாலையில் விடியற்காலை ஓட்டுகிற மாதிரி ஒரு வளைவு நெளிவு இல்லை. குழுவில் ஒருவர் கொட்டாவியை மூக்கு வழியாக விட்டார். புரொபசர் அறையின் சுவர்களைப் பார்வையால் அளந்துகொண்டிருந்தார், நாற்காலி எத்தனை போடலாம் என்று.

அப்போது கோடு ஏறியது.

ஒரு படி. சின்னப் படி இல்லை, வீட்டு மாடிப்படி. மேலே போய் நின்று, பிறகு இறங்கியது. திரும்ப ஏறியது. இறங்கியது. அளந்து வைத்த மாதிரி, தாளம் தப்பாமல். புரொபசர் நாற்காலிகளை மறந்துவிட்டார். இவ்வளவு பெரிய சேனலை எந்த மீனிலும் யாரும் பார்த்ததில்லையே, இது உலகத்திலேயே முதல் தடவை இல்லையா என்று அமுதவள்ளியைக் கேட்டார். அவள் பதில் சொல்வதற்குள், பத்திரிகைக்காரர்களைக் கூப்பிடலாமா என்றும் கேட்டார். கொட்டாவி விட்டவர், உள்ளே கொண்டு வரக்கூடாத போனை எடுத்துப் படம் பிடித்தார். டாக்டர் லிம் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு திரைக்கு வெகு பக்கத்தில் குனிந்து, பழைய சிநேகிதனைப் பஸ் நிலையத்தில் பார்த்துவிட்டவர் மாதிரி சிரித்தார். நல்லம்மாள் எழுந்து கூண்டைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

அமுதவள்ளி மட்டும் சிரிக்கவில்லை. அவள் சின்னப் பிள்ளையாகக் கணக்குப் போடும்போது கீழுதட்டை உள்ளே இழுத்துக்கொள்வாள். இப்போதும் அந்த உதடு உள்ளே போயிருந்தது. யாரும் அவள் கையைப் பார்க்கவில்லை. மெதுவாக ஊசியைச் செல்லிலிருந்து தூக்கினாள். கிண்ணத்துத் தண்ணீரை விட்டே வெளியே தூக்கிவிட்டாள். இப்போது ஊசி மீனைத் தொடவில்லை, ஒன்றையும் தொடவில்லை.

கோடு ஏறியது. இறங்கியது. தாளம் தப்பவே இல்லை.

பக்கத்தில் நின்ற புரொபசர் இதைப் பார்த்துவிட்டார். அவரும் படித்தவர், புரிந்துவிட்டது. அவள் காதருகே குனிந்து, குழுவுக்குக் கேட்காமல் தமிழில் சொன்னார்:

"அமுதா, விட்டுருங்க. அவங்க பார்த்துட்டாங்க, சந்தோஷமா இருக்காங்க. ரூம் உங்களுக்கே லா. என்னன்னு நாளைக்குப் பார்த்துக்கலாம்."

ஓய்வு மையத்தை விட்டுக்கொடுத்துத்தான் அதைச் சொன்னார். நல்ல மனசு. அமுதவள்ளி மிதக்கிற மேசையைப் பார்த்தாள், கூண்டைப் பார்த்தாள், டாக்டர் லிம்மின் சந்தோஷமான பிடரியைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றால் போதும், அறை அவளுடையது. அவர்கள் கைகுலுக்கிவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போய்விடுவார்கள்.

"டாக்டர் லிம், மன்னிக்கணும்," என்றாள் ஆங்கிலத்தில். "இது மீன் இல்லை. ஊசி வெளியே இருக்கு."

டாக்டர் லிம் திரும்பி ஊசியைப் பார்த்தார். நெற்றியில் இருந்த கண்ணாடியை இறக்கி மூக்கில் வைத்துக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார். அவர் முகம் வாடியதைப் பார்க்க எனக்கே சங்கடமாக இருந்தது. ஐஸ்கிரீமைக் கீழே போட்ட குழந்தை மாதிரி. மீன் இல்லை என்றால் பின்னே என்ன அது என்று கேட்டார். குரலில் எரிச்சல். தனக்குத் தெரியவில்லை என்றாள் அவள்.

தேட ஆரம்பித்தார்கள். எல்லார் போனையும் அணைத்தார்கள். கோடு ஏறி இறங்கியது. விளக்கை அணைத்தார்கள், இருட்டிலும் ஏறி இறங்கியது. சபாபதி குளிர்சாதனப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினார், பலனில்லை. குழுவில் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். என் ஏப்பமாக இருக்குமோ என்று அமுதவள்ளி ஒரு தடவை என் பக்கம் திரும்பினாள். அன்று நான் வெறும் வயிறு. கடைசியாக அறையைக் குளிர்விக்கிற ஏர்கோனை நிறுத்தினாள். கோடு நின்றது. போட்டாள். கொஞ்ச நேரத்தில் ஏறியது, இறங்கியது.

அவள் முழங்காலிட்டுக் கூண்டின் பின்பக்கத்துச் சந்துக்குள் தலையை விட்டாள். வெகுநேரம் தலை வெளியே வரவில்லை. தோள்கள் குலுங்கின. பாவம், அழுகிறாள் என்று நினைத்தேன். அவள் பின்புறமாகவே நகர்ந்து எழுந்து நின்றபோது கையில் ஓர் எலுமிச்சம்பழம் இருந்தது. குங்குமம் தடவியது. நாலைந்து பச்சை மிளகாயோடு, செப்புக் கம்பியில் கட்டி, ஓர் ஊக்கு குத்தியது. லோரிக்கு முன்னால் கட்டித் தொங்கவிடுவோமே, அதேதான். அவள் அழவில்லை.

"அம்மா, இது என்ன?"

"எலுமிச்சம்பழம்," என்றாள் நல்லம்மாள்.

எந்த விஞ்ஞானியும் குறை சொல்ல முடியாத பதில்.

விசாரணையில் தெரிந்தது இதுதான். முன்னால் கட்டினால் மகள் கழற்றிவிடுவாள் என்று முன்யோசனையாகப் பின்னால் கட்டியிருக்கிறாள். மஞ்சள் கயிறு கொண்டுவர மறந்துவிட்டாள். சபாபதிதான் மேசை இழுப்பறையிலிருந்து செப்புக் கம்பி எடுத்துக் கொடுத்திருக்கிறார். பழத்துக்குள் ஒரு பக்கம் செம்பு, ஒரு பக்கம் இரும்பு ஊக்கு, நடுவில் புளிப்புச் சாறு. பேட்டரி என்பது அவ்வளவுதான் என்று அமுதவள்ளி குழுவுக்கு விளக்கினாள். ஏர்கோன் காற்று வீசும்போதெல்லாம் பழம் ஆடி, ஊக்கு போய்க் கூண்டுக்குள் ஓடும் கருவியின் ஒயரைத் தட்டியிருக்கிறது. தட்டினால் கோடு ஏறும், விலகினால் இறங்கும். உலகத்திலேயே முதல் தடவை என்று புரொபசர் சொன்னது பொய்யில்லை. அவர் இப்போது நெற்றி விபூதி அழியும்படி தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் லிம் பழத்தை வாங்கி முகர்ந்து பார்த்தார். இருந்த இடத்திலேயே திரும்பத் தொங்கவிடச் சொன்னார். அவரே குனிந்து, உதட்டைக் குவித்து ஊதினார். கோடு ஏறியது. இன்னும் மெதுவாக ஊதினார். ஏறியது. அந்த வயதில் ஒருவர் அப்படிச் சந்துக்குள் தலையை விட்டு எலுமிச்சம்பழத்தை ஊதி விளையாடியதை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் இல்லை. மற்ற இருவரும் ஆளுக்கொரு தடவை ஊதினார்கள். புரொபசர் மட்டும் ஊதவில்லை. பூஜைப் பொருள் என்று நினைத்தாரோ என்னவோ.

பிறகு டாக்டர் லிம் பழத்தை அகற்றிவிட்டு மீனைக் காட்டச் சொன்னார்.

அமுதவள்ளி புது ஊசியை எடுத்தாள். சபாபதி, சொல்லாமலே, மூச்சைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றார். கோடு நேராக ஓடியது. ஓடியது. குழு கலையப் போகிற நேரத்தில் அது ஒரு தடவை துள்ளியது. மாடிப்படி இல்லை, அரிசி ஒன்றின் மேல் எறும்பு ஏறி இறங்கிய மாதிரி. புரொபசர், இவ்வளவுதானா என்று கேட்டுவிட்டார். டாக்டர் லிம் கையைத் தூக்கி அவரைப் பேசாமல் இருக்கச் சொன்னார். இன்னொரு எறும்பு. கொஞ்சம் கழித்து இன்னொன்று. அதில் தாளமும் இல்லை, அழகும் இல்லை. அமுதவள்ளி ஊசியைத் தூக்கிக் காட்டினாள், எறும்புகள் மறைந்தன.

"தவளையும் இப்படித்தான்," என்றார் டாக்டர் லிம். முதல் தடவை சிரித்தது போல அவர் இப்போது சிரிக்கவில்லை. ஆனால் திரையை விட்டு விலகவும் இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து, இந்த மேசையை எங்கே மாற்றப் போகிறீர்கள் என்று புரொபசரைக் கேட்டார். மூன்றாவது மாடி என்றார் அவர். மூன்றாவது மாடியில் எங்கே? லிப்டுக்குப் பக்கத்தில், என்று சொல்லும்போதே புரொபசரின் குரல் இறங்கிவிட்டது. லிப்டை யார் யார் பயன்படுத்துகிறார்கள்? எல்லாரும்தான். டாக்டர் லிம் மேசைமேல் கிடந்த எலுமிச்சம்பழத்தை எடுத்து, உள்ளங்கையில் வைத்து, அவரிடம் நீட்டினார்.

"இந்தப் பழத்தோட மின்சாரமே மீனை முழுங்கிடுச்சு," என்றார் ஆங்கிலத்தில். "உங்க லிப்ட் என்ன பண்ணும், புரொபசர்?"

புரொபசர் பழத்தைப் பார்த்தார். நல்ல மனிதர் என்று முன்பே சொன்னேன். மசாஜ் நாற்காலிகளை மூன்றாவது மாடியிலேயே போட்டுவிடலாம், லிப்டில் வந்து இறங்கியதும் உட்கார வசதி என்றார். அந்த அறை இருக்கிற இடத்திலேயே இருக்க வேண்டும் என்பதுதான் குழுவின் முடிவு என்று டாக்டர் லிம் அங்கேயே, சப்பாத்து இல்லாத காலோடு நின்று சொன்னார். போகும்போது நல்லம்மாள் மூவருக்கும் பொரி கொடுத்தாள். டாக்டர் லிம் மட்டும் இரண்டாவது பிடியும் வாங்கினார்.

மாலையில் தாயையும் மகளையும் கிள்ளானுக்கு வேனில் அழைத்துப்போனேன். பின்னால் காலிப் பீப்பாய்கள் உருண்டுகொண்டிருந்தன. சுபாங் ஜெயா தாண்டும்வரை நல்லம்மாள் ஒன்றும் பேசவில்லை. அவள் அவ்வளவு தூரம் பேசாமல் வந்தால் ஏதோ தயாராகிறது என்று அர்த்தம்.

"நான் அந்தப் பழத்தைக் கட்டலேன்னா," என்று ஆரம்பித்தாள், "அந்தப் பினாங்குக்காரர் லிப்டைப் பத்திக் கேட்டிருப்பாரா அண்ணே?"

அண்ணன் சாலையில் கவனமாக இருந்தான்.

"அம்மா, அந்தப் பழத்தாலதான் எல்லாமே போக இருந்துச்சு."

"போச்சா?"

கண்ணாடியில் அமுதவள்ளியைப் பார்த்தேன், கீழுதடு உள்ளே போயிருந்தது. ஒருவழியாக, வகுப்பில் பாடம் நடத்துகிற குரலில், ஒரே ஒரு தடவை நடந்ததை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்றாள். எலுமிச்சம்பழம் கட்டாமல், அதே குழு இன்னொரு தடவை வந்து, அதே அறையைப் பார்த்து, அப்போது என்ன முடிவு சொல்கிறார்கள் என்று ஒப்பிட்டால்தான் பழத்தால் நடந்ததா இல்லையா என்று சொல்ல முடியும். அதுதான் விஞ்ஞானம்.

நல்லம்மாள் மடியிலிருந்த பொரியில் கடலையைப் பொறுக்கிக்கொண்டே சொன்னாள்.

"சரி, வரச் சொல்லேன். அன்னைக்கு நான் ஒண்ணையும் கட்டாம வீட்டுலயே இருக்கேன்."

"வேணாம்மா," என்றாள் அமுதவள்ளி, கொஞ்சம்கூட யோசிக்காமல்.